யானையைத் தேடிய விரல்

அத்தியாயம் பதினொன்று

இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கைதட்டுகிறார்கள். பிள்ளை சாப்பிட்ட தட்டைக் கழுவப் போட்டால் கைதட்டு. செருப்பை இடது வலது மாறாமல் மாட்டினால் கைதட்டு. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. வேலையைச் செய்தால் சம்பளம், அவ்வளவுதான். கைதட்டுக்குப் பழகினவர்களுக்குத்தான் தொல்லை. அது பக்கத்து ஆளுக்குக் கிடைத்துவிட்டால் இவர்களுக்குச் சோறு இறங்காது.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான்.

தொடர்ந்து படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். என் மருமகள் பியானோ டீச்சர். வீட்டு முன்னறையில் எட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறாள். ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரை. எட்டு கிரேடு பாஸ் பண்ணினவள். எட்டுச் சான்றிதழும் பியானோவுக்கு மேலே ஃபிரேம் போட்டுத் தொங்குகின்றன. ஆறு வாரத்துக்கு முன்னால் ஈரப் படியில் வழுக்கி இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டார்கள். பார்த்த வேலையை விட்டுவிட்டுச் சும்மா இருந்த என் மகள், சின்னவள், அண்ணிக்குக் கை கொடுக்கிறேன் என்று பெட்டியோடு வந்து மாடி அறையில் தங்கினாள். வகுப்பையும் எடுத்துக்கொண்டாள்.

சின்னவள் ஒரு பரீட்சையும் எழுதாதவள். காதில் விழுந்ததைக் கையில் வாசிப்பாள், அவ்வளவுதான் படிப்பு. பிள்ளைகளுக்கு எந்தக் கட்டை எந்த நோட்டு என்பது மனதில் நிற்கவில்லை என்று பியானோவின் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டை ஒவ்வொன்றிலும் ஒரு மிருகப் படம் ஒட்டினாள். யானை, முயல், பூனை, தவளை, ஆடு என்று வரிசையாக. போன வாரம் கட்டுப் பிரித்துக்கொண்டு வந்த மருமகள், மூடியைத் திறந்து அந்த மிருகக்காட்சி சாலையைப் பார்த்தபடி நின்றாள். போன அத்தியாயத்தை அதோடு விட்டிருந்தேன்.

அன்று ராத்திரி அவள் மூடியைச் சாத்திவிட்டுப் படுக்கப் போனாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் அவரவர் அப்பா அம்மா முன்னால் வாசித்துக் காட்டும் நாள்.

காலை ஆறரைக்கு என் அறைக்கு வந்தாள்.

"மாமா, ஸ்டிக்கர் எடுக்கத் தெரியுமா உங்களுக்கு? கீறல் விழாம?"

"பஸ் கண்ணாடியில எவ்வளவு எடுத்திருப்பேன். கொஞ்சம் எண்ணெயும் பழைய துணியும் கொண்டா."

"இப்பவே முடியுமா?"

இப்பவே என்றால் சின்னவள் எழுந்திருப்பதற்குள் என்று அர்த்தம். அது எனக்குப் புரியாமல் இல்லை. அவள் படிக்கட்டுக்குக் கீழே காவல் நின்றாள். கட்டுக்குள் கிடந்த கை மெலிந்து, வெளுத்து, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது. அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேலே பார்த்தபடியே நின்றாள்.

நான் எண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாக ஊறவைத்து நகத்தால் தள்ளினேன். முயல் சுலபமாக வந்தது. தவளை அடம் பிடித்தது. யானை மட்டும் தும்பிக்கை தனியாக, உடம்பு தனியாகக் கிழிந்து வந்தது.

நான் ஏன் இதற்கு உடன்பட்டேன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. என் பேத்திக்கு ஏழு வயது. எறும்பு என்றுதான் கூப்பிடுவோம். எப்போதும் எதையாவது வாயிலோ கையிலோ தூக்கிக்கொண்டு ஓடுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து அவளை அழைத்து வருவது என் வேலை. வந்ததும் கட்டிலில் நான் முன்னால், அவள் பின்னால். நான் டிரைவர், அவள் கண்டக்டர். என்னுடைய பழைய ரூட்டில் அத்தனை நிறுத்தமும் அவளுக்கு மனப்பாடம். ஆறு வாரமாக அந்த பஸ் ஓடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியதும் "அத்தை, யானை!" என்று கத்திக்கொண்டு பியானோவுக்கு ஓடிவிடுவாள். நான் கட்டிலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அதனால் யானையைச் சுரண்டும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெற்ற மகள் ஒட்டினதுதான். அதனால் என்ன?

எட்டு மணிக்கு எறும்பு வந்து மூடியைத் திறந்தாள். கையைத் தூக்கினாள். தூக்கின கை அப்படியே நின்றது.

"எங்க எல்லாரும்?"

துணியை நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

"யாரு எடுத்தா?"

"நான்தான்," என்றாள் மருமகள்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல மனசு என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் நினைக்கவில்லை. ஒருவர் உங்களுக்காகப் பழியைச் சுமந்தால், அதை எப்போதாவது உங்கள் மடியில் இறக்கி வைப்பார்கள். எந்த நாள் என்பதுதான் தெரியாது.

எறும்பு அழவில்லை. நேராகச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போதுதான் சின்னவள் தலையை முடிந்துகொண்டே இறங்கி வந்தாள். பியானோவைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். கடைசியாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்த என் விரலைப் பார்த்தாள். நேராக டீ போடப் போனாள். என் மகளைப் பற்றி எனக்குத் தெரியும். கத்தினால் பயமில்லை. டீ போட்டால்தான் பயம்.

பத்து மணிக்குப் பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்தன.

சின்னப் பிள்ளைக்குப் பியானோ சொல்லித் தருவது என்னவென்று தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. நான் வாசல் கதவு திறந்துவிடுகிறவன், எனக்குத் தெரியும். ஸ்டூலில் ஏற்றி உட்காரவைத்தால் கால் தரையில் எட்டாது. காலுக்குப் பலகை வைத்தால் உதைத்துத் தள்ளும். கையைப் பந்து பிடித்த மாதிரி வளைத்து வை என்றால் விரல் நுனி உள்ளே மடிந்துகொள்ளும். நிமிர்த்திவிட்டால் தோள் ஏறும். தோளை இறக்கினால் மூக்கு அரிக்கும். கஷ்டமான வரி வரும்போதெல்லாம் பாத்ரூம் வரும். இத்தனைக்கும் நடுவில் எப்போதாவது ஒரு நாள் எட்டு நோட்டு சேர்ந்தாற்போல் சரியாக விழுந்துவிட்டால், பிள்ளை தானே பயந்துபோய்த் திரும்பி டீச்சர் முகத்தைப் பார்க்கும், "நானா வாசிச்சேன்?" என்கிற மாதிரி. அந்த ஒரு பார்வைக்காக என் மருமகள் மீதி அரைமணி முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

முதலில் ஏறியவன் ஓட்டைப்பல். கண் டாக்டரம்மாவின் மகன், ஆறு வயது, முன்னால் இரண்டு பல் கிடையாது. கட்டையைக் குனிந்து பார்த்தான்.

"டீச்சர், யானை செத்துப்போச்சா?"

மற்ற பிள்ளைகள் எல்லாம் ஓடிவந்து எட்டிப் பார்த்தன. ஒன்று உதட்டைப் பிதுக்கியது. இன்னொன்று அதைப் பார்த்து அழ ஆரம்பித்தது. சின்னவள் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். 'இப்போ என்ன பண்ணப்போறீங்க அண்ணி?' என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மருமகள் அசரவில்லை.

"சாகலடா. வெளிய போயிருக்கு. வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்கு. அது வீடு எதுன்னு யாராவது கண்டுபிடிங்க பாப்போம்."

"எப்பிடி?"

"கறுப்புக் கட்டை எல்லாம் கூட்டம் கூட்டமா நிக்குதா? மூணு மூணா நிக்குது, ரெண்டு ரெண்டா நிக்குது. ரெண்டா நிக்குறது ரெட்டைக் கதவு. கதவுக்கு இந்தப் பக்கம், இடது பக்கம் ஒட்டின மாதிரி எந்த வெள்ளை இருக்கு?"

ஓட்டைப்பல் விரலை வைத்தான்.

"அதான் யானை வீடு. அங்க இன்னொரு ரெட்டைக் கதவு இருக்கு பாரு. அதுக்கும் ஒரு யானை."

"இதுவும் யானையா? அதுவும் யானையா? மொத்தம் எத்தனை யானை டீச்சர்?"

"நீயே எண்ணு."

கொஞ்ச நேரத்தில் ஏழு பிள்ளைகளும் பியானோவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை யானை பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கே ஆச்சரியம். சின்னவள் ஆறு வாரம் படம் ஒட்டிப் பழக்கினதை இவள் ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் படம் இல்லாமல் பழக்கிவிட்டாள். பிள்ளைகள் ஒன்றும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. சின்னவள் கட்டின கையை அவிழ்த்தாள். திரும்பக் கட்டிக்கொண்டாள்.

எட்டாவது பிள்ளை மட்டும் மேசைக்கு அடியிலேயே இருந்தது.

"எறும்பே, வாம்மா. உன் பாட்டை ஒரு தடவை பாத்துரலாம்," என்று மருமகள் குனிந்து கூப்பிட்டாள்.

"எனக்கு அத்தைதான் பக்கத்துல உக்காரணும்."

"இன்னைக்கு அம்மா உக்கார்றேனே."

"வேணாம்."

எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பொடிசுகள் வாசிக்கிற பாட்டில் பிள்ளைக்கு அஞ்சே கட்டைதான். தனியாகக் கேட்டால் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் இடது கைப்பக்கமாக டீச்சர் உட்கார்ந்து கீழ்க்கட்டைகளில் ஒரு துணை வாசிப்பு வாசிப்பாள். அதன் மேல் இந்த அஞ்சு நோட்டும் ஏறி உட்கார்ந்தால் ஏதோ பெரிய சங்கீதம் மாதிரி ஆகிவிடும். பிள்ளைக்கு நெஞ்சு நிமிரும். ஆகையால் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

பெற்ற மகளோடு அந்த இடத்தில் உட்கார மருமகள் இரண்டு வருஷம் பார்த்தாள். நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அழுகையில் முடிந்தது. சின்னவள் வந்த இரண்டாம் நாள் எறும்பு அவள் மடியில் ஏறி உட்கார்ந்து வாசித்தாள்.

பிள்ளைகள் போனதும் சமையலறையில் இரண்டு பேருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. நான் ஃபிரிட்ஜுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணி."

"என் பியானோவைத் துடைக்க யாரைக் கேக்கணும்?"

"துடைச்சீங்களா? தோலையே உரிச்சிருக்கீங்க. அதுக்கு எங்கப்பாவை வேற கூட்டு சேத்துக்கிட்டீங்க."

"படம் ஒட்டினா பிள்ளை படத்தைத்தான் பாக்கும். நோட்டைப் பாக்காது. வெளிய எந்தப் பியானோவுல யானை ஒட்டியிருக்கு சொல்லு. நாளைக்கு ஒரு பரீட்சைன்னு போய் உக்காந்தா முழிக்கும்."

"உங்களுக்கு எப்பப் பாத்தாலும் பரீட்சை. பிள்ளைங்க சிரிச்சிக்கிட்டே வந்துச்சா இல்லையா? அதுக்கு முன்னாடி எப்பிடி வரும்? ஊசி போடக் கூட்டிட்டு வந்த மாதிரி வரும்."

"அவங்க சிரிக்கட்டும். நான் வேணாம்னு சொன்னேனா?"

"அப்ப என்ன எரியுது உங்களுக்கு?"

ஒரு பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, போட்டார்களா என்று தெரியவில்லை.

"என்ன எரியுதா? கட்டுக் கையோட நான் மாடிப்படியில உக்காந்து கேட்டேன் தெரியுமா உனக்கு? தினமும். என் பொண்ணு வாசிக்கிறா, நடுவுல சிரிக்கிறா. ரெண்டு வருஷத்துல என்கிட்ட ஒரு நாள் அந்தச் சிரிப்பைச் சிரிச்சதில்ல. உள்ள வந்து பாக்கலாம்னு எழுந்திருப்பேன். என்னைப் பாத்தா நிறுத்திடுவாளோன்னு திரும்ப உக்காந்துடுவேன். என் வீட்டுப் படியில, திருடி மாதிரி."

சின்னவளின் குரல் இறங்கியிருந்தது. ஆனால் கத்தி உள்ளே அப்படியேதான் இருந்தது.

"சரி. நீங்களே உக்காருங்க. ஏழு பேருக்கு நான், அவளுக்கு நீங்க. ஆனா அவ பாதியில அழுதுட்டு எழுந்தா என்னைக் கூப்பிடாதீங்க. நான் வரமாட்டேன்."

"கூப்பிட மாட்டேன்."

நான் மெல்ல எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். முட்டி இரண்டும் சடசடத்தன. எறும்பு ஒரு பிஸ்கட்டை ஓரம் ஓரமாகக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, அம்மாவா உக்காரப் போறாங்க?"

"ஆமா. அம்மாதான் உக்காரணும்." இதையும் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. அத்தை வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

"அம்மா நிறுத்திடுவாங்க."

"என்னது?"

"ஒரு தப்பு வந்தா உடனே கையைப் பிடிச்சு நிறுத்திடுவாங்க. திரும்ப முதல்ல இருந்து. அப்புறம் திரும்ப. அத்தை நிறுத்தவே மாட்டாங்க."

"நிறுத்தினா என்ன? பஸ் நிக்கிறதில்லையா?"

"ஸ்டாப்புல நிக்கும். நடு ரோட்டுல நிக்குமா?"

நேரே மருமகளிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு உதவி செய்ய வேண்டும் என்று போகவில்லை. அவள் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்கத்தான் போனேன்.

"உன் பொண்ணு சொல்றா, நீ வண்டியை நடு ரோட்டுல நிறுத்துறியாம்."

"தப்பை அங்கயே பிடிக்கலைன்னா விரல்ல உக்காந்துக்கும் மாமா. அப்புறம் எடுக்கவே முடியாது. எனக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தாங்க."

"நீ எதுக்குமா என்கிட்ட சொல்ற? அவ சொன்னதைச் சொன்னேன்."

அவள் வெந்நீரில் கையை விட்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கி நீட்டினாள். சுண்டு விரல் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

நாலு மணிக்கு முன்னறை நிறைந்துவிட்டது. என் மகன் அக்கம்பக்கத்தில் நாற்காலி வாங்கிவந்து போட்டு, ஏதோ கல்யாண வீட்டுக்காரன் மாதிரி எல்லாரையும் உட்காருங்க உட்காருங்க என்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து வீட்டில் என்ன நடந்தது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆளும் இல்லை.

பாட்டு ஆரம்பிக்கும் முன்பு கண் டாக்டரம்மா சின்னவளை ஜன்னல் ஓரமாக அழைத்தாள். நான் அங்கேதான் நின்றிருந்தேன். கிழவன் காது கேட்காது என்று நினைப்பவர்கள் நிறைய.

"எங்க வீட்ல பெரிய பியானோ சும்மா கிடக்குது. எங்க தெருவுல அஞ்சு பிள்ளைங்க ரெடியா இருக்காங்க. என் பையன் அந்தப் படம் ஒட்டுற மிஸ்தான் வேணும்னு குதிக்கிறான். நீங்க தனியாவே ஆரம்பிக்கலாமே?"

"ஐயோ, அண்ணிக்கு எதிரா கடை போடுறதா? அதெல்லாம் முடியாதுங்க," என்று சின்னவள் சிரித்தாள். உடனே சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. அதை நான் என் காதால் கேட்டேன்.

முதல் ஏழு பிள்ளைகளும் வாசித்தன. பக்கத்தில் சின்னவள். ஓட்டைப்பல் நடுவில் நிறுத்தி, "மூணாவது பல்லும் ஆடுது," என்று சபைக்கு அறிவித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். சின்னவள் அவன் பேசி முடிக்கும்வரை துணை வாசிப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். கைதட்டு வேறு. மருமகள் சுவரோரமாக நின்று அதையெல்லாம் பார்த்தாள். உதடு சிரித்தது. பாவாடை விளிம்பைப் பிடித்து முறுக்குகிற பிள்ளை மாதிரி, இடது மணிக்கட்டை வலது கையால் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

எட்டாவதாக எறும்பு.

ஸ்டூலில் ஏறினாள். பக்கத்தில் வந்து உட்காருவது அம்மா என்று பார்த்ததும் திரும்பி அத்தையைத் தேடினாள். சின்னவள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள், வாசி என்று.

எறும்பு கையைத் தூக்கினாள். கட்டைகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று ஒரே மாதிரி கிடந்தன. காலையில் மற்ற பிள்ளைகள் யானை பிடிக்கும்போது இவள் மேசைக்கு அடியில் இருந்தவள். விரல் காற்றில் இப்படியும் அப்படியும் போயிற்று. ரெட்டைக் கதவு என்று ஏதோ காதில் விழுந்திருக்க வேண்டும். இரண்டு கறுப்புக் கட்டைக்கு நடுவில், கதவுக்குள்ளேயே, கட்டைவிரலை வைத்துவிட்டாள்.

அது யானை இல்லை. முயல். சுரண்டினவன் எனக்குத் தெரியாதா?

ஆரம்பித்தாள். ஒரு கட்டை தள்ளி. கீழே மருமகள் யானை வீட்டுக்குத் தகுந்த துணையை வாசித்தாள். இரண்டும் ஒன்றை ஒன்று இடித்தன. எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகள் குறுகின சந்தில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். முன் வரிசையில் ஒரு அப்பா முகத்தைச் சுளித்தார். எறும்பின் தோள் மேலே ஏறியது. கண் அம்மாவின் கைக்குப் போயிற்று.

மருமகளின் வலது கை கட்டையை விட்டு எழும்பியது. எனக்குத் தெரியும், எங்கே போகும் என்று. பிள்ளையின் கையைப் பிடிக்கத்தான். இரண்டு வருஷமாக அந்தக் கை அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. சின்னவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். வரமாட்டேன் என்று சொன்னவள்தான், ஆனாலும் பாதி எழுந்துவிட்டாள்.

அந்தக் கை நடுவழியில் நின்றது. திரும்பியது. கட்டைகள் மேல் இறங்கியது, ஆனால் பழைய இடத்தில் இல்லை. ஒரு கட்டை தள்ளி.

மருமகள் மகளின் தப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இல்லாத எதையோ, அந்த மெலிந்த கையோடு தட்டுத் தடுமாறித் தேடித் தேடி வாசித்தாள். துள்ளுகிற பாட்டாக இருந்தது, யாரையோ வழியனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற பாட்டாக மாறிவிட்டது. சுண்டு விரல் இரண்டு இடத்தில் நழுவியது. நெற்றியில் வியர்வை. அவள் தப்பு வாசித்து நான் கேட்டதே இல்லை. அன்று நிறையத் தப்பு வாசித்தாள். நிறுத்தவில்லை.

எறும்பு கடைசி நோட்டை அழுத்திவிட்டு விரலை எடுக்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

"நிறுத்தலையே," என்றாள்.

"நிறுத்தல," என்றாள் மருமகள். மூச்சு வாங்கியது.

"இந்தப் பாட்டு வேற மாதிரி இருக்கு. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. அம்மா, இன்னொரு தடவை!"

எல்லாரும் கைதட்டினார்கள். என் மகன் எல்லாரையும்விட உரக்கத் தட்டினான். தப்பாக வாசித்தார்கள் என்றே அவனுக்குத் தெரியாது. சின்னவள் எழுந்து பியானோ பக்கம் போனாள். கையை நீட்டிக்கொண்டே போனாள், பிள்ளையைத் தூக்க.

"அத்தை, நீங்க அங்கயே உக்காருங்க. நானும் அம்மாவும் வாசிக்கப் போறோம்."

சின்னப் பிள்ளை பேச்சு. அதில் விஷம் கிடையாது. ஆனால் சின்னவளின் கை நீட்டினபடியே ஒரு நொடி நின்றது. பிறகு ஏதோ தூசி தட்டுகிற மாதிரி தன் தோளைத் தட்டிக்கொண்டாள். சிரித்தாள்கூட. அந்தச் சிரிப்பை நான் அவளுக்கு ஒன்பது வயதில் பார்த்திருக்கிறேன். அண்ணனுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்த அன்று.

இரண்டாவது தடவை ஆரம்பித்தது. வேண்டுமென்றே முயலில். மருமகள் முகத்தைப் பார்த்தேன். அழகான முகம்தான், அன்று இன்னும் அழகாக இருந்தது. அந்த அழகில் கொஞ்சம் ஜெயித்த களையும் இருந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம், கண்ணை உயர்த்தி நாத்தனார் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அந்த நாற்காலி காலி.

சின்னவள் ஜன்னல் ஓரத்துக்குப் போயிருந்தாள். கண் டாக்டரம்மாவிடம்.

"எப்பலேந்து வரலாம்?" என்றாள். குரலை இறக்கித்தான் கேட்டாள்.

"அண்ணின்னு சொன்னீங்களே?"

"அவங்களுக்கு இப்ப கை சரியாயிடுச்சு. எப்பன்னு சொல்லுங்க."

"புதன்கிழமை?"

"புதன்கிழமை வரேன். இங்க யாருக்கும் இப்ப சொல்லாதீங்க."

டாக்டரம்மா தலையாட்டினாள். அவள் மகன் இங்கே படிப்பானா, அங்கே படிப்பானா, மற்ற ஆறு பிள்ளைகளின் அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்று ஒன்றும் அவர்கள் பேசவில்லை. அதெல்லாம் புதன்கிழமைக்குள் பேசிக்கொள்வார்கள்.

என் மகன் என் தோளில் கையைப் போட்டான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு.

"பாத்தீங்களாப்பா? காலைல இருந்து ஏதோ முறைச்சிக்கிட்டு இருந்தாங்க. ஒரு பாட்டு, எல்லாம் சரியாயிடுச்சு. சங்கீதம்னா சும்மாவா?"

"என்னடா சரியாச்சு?"

"உங்களுக்கு எதுவுமே நல்லதாத் தெரியாதுப்பா."

தோளிலிருந்து அவன் கையை எடுத்துவிட்டேன். மருமகள் வாசித்துக்கொண்டே என் பக்கம் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரித்தாள்? காலையில் என் பேரைச் சொல்லாமல் விட்டதற்கு நன்றி எதிர்பார்க்கிறாளா? இல்லை, நாளைக்கு வேறு வேலை வைத்திருக்கிறாளா? புதன்கிழமை விஷயத்தை அவளிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னால் மகளைக் காட்டிக்கொடுத்தவன். சொல்லாவிட்டால் இந்த வீட்டுச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு வாயை மூடினவன்.

வாசலில் இருபத்தைந்து ஜோடிச் செருப்பு. நடுவில் என்னுடையதைத் தேடி எடுத்து மாட்டினேன்.

"மாமா, எங்க கிளம்பிட்டீங்க? கேக் வெட்டப் போறோம்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெட்டுங்க, வெட்டுங்க," என்றேன்.

தெருவில் இறங்கினேன். பாட்டு மூன்றாவது தடவை ஆரம்பித்தது. நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அதற்காக நம்பிவிட முடியுமா? முக்கு திரும்பும்வரை கேட்டது. நான் நிற்கவில்லை.